விலையைப் பார்க்கும் முன் பாதத்தைப் பாருங்கள்: ஓடுவதற்கேற்ற சப்பாத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

“ஒரு சைஸ் பெரிசா எடு, அடுத்த வருஷமும் போடலாம்.”

பள்ளி திறப்பதற்கு முன், சப்பாத்துக் கடையில் இந்த வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்த மலேசியத் தமிழர்கள் குறைவு. தோட்டத்துச் சம்பளத்தில் நான்கைந்து பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோருக்கு அது சிக்கனம் மட்டுமல்ல, வேறு வழியும் இல்லை. முன்பக்கத்தில் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்துக்கொண்டு, கால் வளரும்வரை சமாளித்த நினைவு இன்று ஐம்பதைத் தாண்டிய பலருக்கும் உண்டு.

அந்தப் பழக்கம் பள்ளியோடு முடியவில்லை. “உடம்பைக் குறைக்க வேண்டும், தினமும் நடங்கள், முடிந்தால் மெதுவாக ஓடுங்கள்” என்று கிளினிக்கில் மருத்துவர் சொன்னதும், பலர் வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மகன் போட்டுத் தள்ளியது, தள்ளுபடியில் வாங்கியது, ஒரு சைஸ் பெரியது என எதுவானாலும் சரி. முதல் வாரம் உற்சாகம். இரண்டாவது வாரம் விரல் நகம் கறுக்கிறது. மூன்றாவது வாரம் காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலி. அதோடு ஓட்டம் நின்றுவிடுகிறது.

நின்றுபோவது ஓட்டம் மட்டும் என்றால் கவலையில்லை. சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. அதாவது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அந்த விகிதம் மிக அதிகம். நடையும் ஓட்டமும் நம் சமூகத்துக்கு மருந்துபோல் தேவைப்படும் நேரத்தில், பொருந்தாத ஒரு சப்பாத்து அந்த மருந்தையே நிறுத்திவிடுகிறது.

பெரிய சப்பாத்து, சிறிய சப்பாத்து: இரண்டுமே கெடுதல்

சிறிய சப்பாத்து கடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பெரிய சப்பாத்தும் கெடுதல் செய்யும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தின் மீது இறங்குகிறது. அந்த நேரத்தில் பாதம் சப்பாத்துக்குள் அசையாமல் இருக்க வேண்டும். சப்பாத்து பெரிதாக இருந்தால் பாதம் முன்னும் பின்னும் வழுக்கும். குதிகால் மேலே எழும்பும். அதைப் பிடித்து நிறுத்த விரல்கள் தாமாகவே மடங்கிக் கவ்வும். உரசலில் கொப்புளம் வருகிறது. இறக்கத்தில் ஓடும்போது விரல்கள் முன்பக்கம் இடித்து நகம் கறுக்கிறது. மேடுபள்ளத்தில் கால் வைத்தால் கணுக்கால் மடங்குகிறது.

நிலைத்தன்மை என்று சப்பாத்து விளம்பரங்களில் சொல்வது முதலில் இதைத்தான் குறிக்க வேண்டும். பாதமும் சப்பாத்தும் ஒன்றாக அசைய வேண்டும். பொருந்தாத சப்பாத்து எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அது உறுதியான சப்பாத்து ஆகாது.

அளப்பது எப்படி?

பாதம் காலையில் இருப்பதைவிட மாலையில் சற்று வீங்கியிருக்கும். நம் நாட்டு வெப்பத்தில், ஓடும்போது இன்னும் கொஞ்சம் விரியும். ஆகவே மாலை நேரத்தில் அளப்பது நல்லது.

ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து, அதன் விளிம்பைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். ஓடும்போது அணியும் காலுறையைப் போட்டுக்கொண்டு, குதிகால் சுவரைத் தொடும்படி தாளின் மேல் நில்லுங்கள். இரு கால்களிலும் எடையைச் சமமாகப் போட்டு நிற்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் நீளம் குறைவாகக் காட்டும். மிக நீளமான விரலின் முனையில் மற்றவர் ஒருவரைக் கோடு போடச் சொல்லுங்கள். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல் நீளமாக இருக்கும். அப்படியானால் அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பாதத்தின் அகலமான இடத்தையும் இரு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கால்களையும் அளக்க வேண்டும். பெரும்பாலோருக்கு ஒரு கால் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்குத்தான் சப்பாத்து வாங்க வேண்டும்.

சப்பாத்துக்குள் மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்திற்கு இடம் இருக்க வேண்டும். சுமார் 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருந்தால் அது ‘அடுத்த வருஷத்துச் சப்பாத்து’.

எண்களை நம்ப வேண்டாம். இங்கிலாந்து அளவு, அமெரிக்க அளவு, ஐரோப்பிய அளவு மூன்றும் வேறு வேறு. ஒரே எண் ஒரு நிறுவனத்தில் சரியாகவும் இன்னொன்றில் இறுக்கமாகவும் இருக்கும். சப்பாத்தின் நாக்குப் பகுதியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் பெரும்பாலும் சென்டிமீட்டர் அளவும் இருக்கும். வீட்டில் அளந்ததோடு ஒப்பிட அதுவே எளிது. இணையத்தில் வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அகலத்தை மறந்துவிடுகிறோம்

விரல்கள் நெரிந்தால் பலர் ஒரு சைஸ் கூட்டி வாங்குகிறார்கள். உண்மையில் அவர்களுக்குத் தேவைப்படுவது நீளம் அல்ல, அகலம்.

இந்தியாவில் வெறுங்காலுடன் நடந்து பழகியவர்களின் பாதங்களை அளந்து 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவர்களின் பாதங்கள் அகலமாக இருப்பதையும், நடக்கும்போது எடை பாதம் முழுவதும் சீராகப் பரவுவதையும் காட்டியது. செம்மண் பாதையில் வெறுங்காலோடும் சிலிப்பரோடும் வளர்ந்த நம் தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்கும் முன்பாதம் விரிந்திருப்பதில் வியப்பில்லை. அந்தப் பாதத்தைக் கூர்மையான முனை கொண்ட ஒல்லியான சப்பாத்துக்குள் திணிப்பதுதான் பிரச்சினை.

பல நிறுவனங்கள் ஒரே மாடலை இரண்டு மூன்று அகலங்களில் தயாரிக்கின்றன. ஆண்கள் சப்பாத்தில் ‘2ஈ’ என்றால் அகலம், ‘4ஈ’ என்றால் மிக அகலம். பெட்டியிலும் சீட்டிலும் இந்தக் குறி ஆங்கில எழுத்தில் இருக்கும். கடையில் அடுக்கி வைக்காவிட்டாலும் கேட்டால் வரவழைத்துத் தரும் கடைகள் உண்டு. பெண்களுக்கான சப்பாத்துகள் பொதுவாக ஒல்லியாக இருப்பதால், அகலமான பாதம் உள்ள பெண்கள் ஆண்கள் பிரிவிலும் போட்டுப் பார்க்கலாம்.

எளிய சோதனை ஒன்று: சப்பாத்தின் உள்ளே இருக்கும் அட்டையை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன் மேல் நில்லுங்கள். பாதத்தின் ஓரம் அட்டைக்கு வெளியே வழிந்தால் அந்தச் சப்பாத்து உங்களுக்கு ஒடுக்கம்.

தட்டைப் பாதம் என்றால் பயப்பட வேண்டுமா?

ஓடும்போது பாதம் தரையில் பட்டவுடன் சற்று உட்பக்கம் சாய்வது இயற்கை. அதிர்ச்சியைத் தாங்க உடல் செய்யும் ஏற்பாடு அது. சிலருக்கு, குறிப்பாகப் பாதத்தின் நடுவளைவு தாழ்ந்தவர்களுக்கு, இந்தச் சாய்வு அதிகமாக இருக்கும்.

அதைத் தடுப்பதற்காக உட்பக்கத்தில் கெட்டியான நுரை வைத்துச் செய்யப்படுபவைதான் ‘ஸ்டெபிலிட்டி’ சப்பாத்துகள். ‘நியூட்ரல்’ சப்பாத்துகளில் அந்தக் கூடுதல் தாங்கல் இருக்காது. ஈரக் காலைத் தரையில் பதித்து, தடம் முழுசாகத் தெரிந்தால் முதல் வகை, வளைவு தெரிந்தால் இரண்டாம் வகை என்று பிரித்துக் கொடுப்பது பல காலமாகக் கடைகளில் வழக்கம்.

ஆய்வுகள் அந்த வழக்கத்தை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. அமெரிக்க இராணுவப் பயிற்சிக்குச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பாத வளைவைப் பார்த்துச் சப்பாத்து கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு வளைவைப் பாராமல் ஒரே வகைச் சப்பாத்து. காயங்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு நியூட்ரல் சப்பாத்து கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். பாதம் உட்பக்கம் சாய்பவர்களுக்கு அதனால் மட்டும் காயம் கூடவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. லக்சம்பர்க்கில் 372 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், உட்சாய்வு உள்ளவர்களுக்குத் தாங்கல் வைத்த சப்பாத்து உதவியது.

ஆகவே சாதாரண ஓட்டக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். தட்டைப் பாதம் என்பது நோய் அல்ல. வலி இல்லாமல் நடக்கவும் ஓடவும் முடிகிறது என்றால், கூடுதல் தாங்கலுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கணுக்காலின் உட்பக்கமோ முழங்காலோ அடிக்கடி வலித்தால் தாங்கல் உள்ளதைப் போட்டுப் பார்க்கலாம். வலி தொடர்ந்தால் மருத்துவரையோ உடற்பயிற்சி சிகிச்சையாளரையோ பார்க்க வேண்டும்.

கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக்கும் அவருடைய குழுவினரும் 2015-இல் முன்வைத்த கருத்து இன்னும் எளிது: காலுக்கு எது சுகமாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். தனக்கு ஒவ்வாததைப் பாதம் பெரும்பாலும் உடனே சொல்லிவிடும்.

கடையில் ஐந்து நிமிடம்

சப்பாத்தைக் கையில் எடுத்ததும் விலைச் சீட்டைப் பார்க்கும் முன் சில விஷயங்களைப் பார்க்கலாம்.

முதலில், குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் பின்பகுதியை இரு விரலால் அழுத்துங்கள். அது உடனே மடங்கி நசுங்கினால் குதிகாலைப் பிடித்து வைக்காது. ஓரளவு கெட்டியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, முனையையும் குதியையும் பிடித்து வளையுங்கள். நம் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் சப்பாத்தும் வளைய வேண்டும். நட்டநடுவில் மடங்கினால் வேண்டாம். துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். கொஞ்சம் எதிர்ப்புக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, ஜோடியைச் சமமான மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். புதிய சப்பாத்து ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அது தயாரிப்புக் குறை.

பிறகு இரண்டு காலிலும் போட்டு, கயிற்றைக் கட்டி, கடைக்குள்ளேயே மெதுவாக ஓடிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. ஒற்றைக் காலில் பத்து விநாடி நில்லுங்கள். கால் ஆடினால், அடிப்பாகம் மிக உயரமாகவோ மிக மென்மையாகவோ இருக்கலாம். படி இருந்தால் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் இடிக்கக்கூடாது, குதிகால் வழுக்கக்கூடாது.

குதிகால் கொஞ்சம் மட்டும் வழுக்கினால் சப்பாத்தை மாற்றுவதற்கு முன் கயிற்றை மாற்றிக் கட்டலாம். கணுக்காலுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு துளை இருக்கும். பலர் அதை வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்துவதே இல்லை. கயிற்றை அதே பக்கத்தில் அந்தத் துளைக்குள் விட்டுச் சிறு வளையம் செய்து, எதிர்ப்பக்கத்துக் கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் நன்றாகப் பிடிபடும்.

“போடப் போடச் சரியாகிவிடும்” என்று விற்பனையாளர் சொன்னால் வாங்க வேண்டாம். தோல் சப்பாத்து பழகலாம். ஓட்டச் சப்பாத்து முதல் நாளே பொருந்த வேண்டும்.

போட்டி ஓட்டக்காரர்கள் அணியும், உள்ளே கார்பன் தகடு வைத்த விலையுயர்ந்த சப்பாத்துகள் இப்போது நாகரிகமாகிவிட்டன. சாலை ஓட்டப் போட்டிகளில் அடிப்பாகத்தின் உயரம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று உலகத் தடகளச் சம்மேளனம் 2020-இல் வரம்பு விதிக்கும் அளவுக்கு அவை உயர்ந்தன. வேகத்துக்காகச் செய்யப்பட்டவை அவை. புதிதாக மெதுவோட்டம் தொடங்குபவருக்கு உயரமும் மென்மையும் தடுமாற்றத்தைத்தான் தரும்.

‘அடிடாஸ் கம்போங்’ போதாதா?

பால்மரம் வெட்டியவர்களுக்கு அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலிவு, தண்ணீர் பட்டாலும் கெடாது, ஈரமண்ணில் வழுக்காது. ‘அடிடாஸ் கம்போங்’ என்ற செல்லப் பெயரோடு இன்று மலையேறுபவர்களும் அதை விரும்பி அணிகிறார்கள். காட்டுப் பாதையில் அது கெட்டிக்காரச் சப்பாத்துதான்.

தார்ச் சாலை வேறு. ஓட்டச் சப்பாத்தில் தரையைத் தொடும் ரப்பருக்கும் பாதத்துக்கும் நடுவே தடிப்பான நுரை அடுக்கு இருக்கிறது. கெட்டித் தரையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அதுதான். ரப்பர் சப்பாத்தில் அந்த அடுக்கு இல்லை.

வெறுங்காலில் ஓடினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடித் தங்கம் வென்றார். அவருக்குக் கிடைத்த சப்பாத்து காலுக்குப் பொருந்தவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. 1964 தோக்கியோவில் அவர் சப்பாத்து அணிந்து ஓடி மீண்டும் தங்கம் வென்றார். பொருந்தாததைப் போட்டுக்கொண்டு ஓடவில்லை என்பதுதான் அவரிடம் கற்க வேண்டியது. வெறுங்காலில் ஓடியே வளர்ந்த கால் அவருடையது. இருபது ஆண்டு லாரி ஓட்டியவரும் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவரும் திடீரென அப்படி இறங்கக்கூடாது.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு

மேலே சொன்ன “பாதம் சொல்லிவிடும்” என்ற விதி இவர்களில் பலருக்குப் பொருந்தாது. நீண்ட காலமாகச் சர்க்கரை கூடுதலாக இருந்தால் பாத நரம்புகள் உணர்வை இழக்கின்றன. சப்பாத்து கடிப்பது தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல், விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குப் போன குடும்பக் கதை நம்மில் பலருக்கும் தெரியும்.

ஓடத் தொடங்கும் முன் கிளினிக்கில் பாதத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான். உணர்வு குறைந்திருந்தால் ஓட்டத்துக்குப் பதில் சைக்கிளோ நீச்சலோ பொருத்தமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சப்பாத்தை அணியும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். சிறு கல், மடிந்த அட்டை, பூச்சி எதுவும் இருக்கலாம். வெள்ளைக் காலுறை அணிந்தால் இரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். புதிய சப்பாத்தை முதலில் வீட்டுக்குள் அரைமணி நேரம் போட்டு, கழற்றி, பாதத்தில் சிவந்த இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டிலுள்ளவர்களைப் பார்க்கச் சொல்லலாம். புண் இருக்கும்போது ஓடவே கூடாது.

பிள்ளைகளும் பண்டல் கடையும்

பள்ளிச் சப்பாத்து வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறியது. ஆனால் அதே சப்பாத்தில்தான் பல பிள்ளைகள் விளையாட்டுப் போட்டியிலும் ஓடுகிறார்கள். தொடர்ந்து பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்குத் தனியாக ஓட்டச் சப்பாத்து வாங்குவது நல்லது. விலையுயர்ந்தது தேவையில்லை, பொருந்துவது போதும். வளரும் கால் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரலுக்கு முன் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

பண்டல் கடையில் நல்ல பெயருள்ள பழைய சப்பாத்து மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது இன்னொருவரின் நடைக்கு ஏற்ப ஏற்கெனவே தேய்ந்து அமுங்கியது. பின்னாலிருந்து பார்த்தால் சாய்வு தெரியும். இரவுச் சந்தையில் கிடைக்கும் போலிகளில் வெளித்தோற்றம் மட்டுமே அசலைப்போல் இருக்கும். கையில் பணம் குறைவென்றால், நியாயமான கடையில் போன ஆண்டு மாடலைத் தள்ளுபடியில் கேளுங்கள். பெரும்பாலும் நிறம்தான் மாறியிருக்கும்.

நல்ல சப்பாத்தைப் பத்திரமாகப் பெட்டியிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, ஒரு நாள் போட்டவுடன் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்த அனுபவம் பலருக்கு உண்டு. சிலவகை அடிப்பாகத்தில் உள்ள பாலியூரித்தேன் காற்றின் ஈரப்பதத்தில் மெல்ல மெல்லச் சிதைவதே காரணம். நம் நாட்டு ஈரக்காற்றில் அது விரைவாக நடக்கும். ஆகவே வாங்கியதைப் போடுங்கள். மழையில் நனைந்தால் அட்டையை எடுத்துவிட்டு, உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். கொளுத்தும் வெயிலில் காயவைத்தால் பசை விட்டுப்போகும்.

பொதுவாக ஓட்டச் சப்பாத்து 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 5 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 600 கிலோமீட்டர் என்பது 30 வாரம். மேலே புதிதுபோல் தெரிந்தாலும் உள்ளே நுரை அமுங்கியிருக்கும். வழக்கமாக வராத முழங்கால் வலி, குதிகால் வலி வந்தால் முதலில் சப்பாத்தின் வயதைக் கணக்குப் பாருங்கள்.

பத்திரிகைத் தாள் இனி ஈரத்தை உறிஞ்சுவதற்கு மட்டும் சப்பாத்துக்குள் போகட்டும். பெரிய சப்பாத்தின் இடைவெளியை நிரப்புவதற்கு அல்ல. அடுத்த ஆண்டுக்கான சப்பாத்தை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம். அதுவரை வலியில்லாமல் ஓடுவதற்கு, இன்றைய பாதத்துக்குப் பொருந்தும் ஒரு ஜோடி போதும்.